ஐயுறப்பட்ட மஞ்சளாம்பல்

கண்டான் ஒருவன் உரை, அவன் இறந்துபட்டபின் எத்துணை வலியுடைத்து என்னும் வினா அளவை நூலாரிடை மட்டும் எழுவதன்று. வட அமெரிக்கப் பொய்கையிற் பூத்த ஓர் ஆம்பலைப் பற்றியும் அஃது எழுந்தது.

புளோரிடா, டெக்ஸாஸ் முதலிய தென்பகுதிகளிலும் மெக்சிகோவிலும் ஆழமில்லாக் குளங்களில் இயல்பாக வளர்வது மஞ்சளாம்பல். இதன் இலை மேற்புறம் பசுமையில் கபிலநிறப் புள்ளி விரவியது. அடிப்புறம் செந்நீலம் பாய்ந்தது. நண்பகலில் மலர்ந்து மாலையிற் குவியும்.

ஜான் ஜேம்ஸ் ஆடுபன் என்னும் ஓவியர் தம் 'அமெரிக்கப் பறவைகள்' என்னும் பெருநூலின் 411-ஆம் படத்தில், நீந்தும் அன்னத்தைச் சூழ இம்மலர்களைத் தீட்டினார். 1838-இல் வெளிவந்த அப்படத்தின் அடியில் 'நிம்பேயா பிளாவா' என்னும் பெயரும், அதனை இட்ட லைட்னர் என்பாரின் பெயரும் பொறிக்கப்பட்டன. பிளாவா எனின் மஞ்சள் நிறத்தது என்பது பொருள். லைட்னர் ஜெர்மானியர், மருத்துவமும் செடிநூலும் வல்லவர். செமினோல் மக்களோடு நிகழ்ந்த போரிற் படையுடன் சென்ற அவர், அவ்வாண்டு ஜனவரித் திங்களில் புளோரிடாவின் லாக்ஸஹாச்சியில் கொல்லப்பட்டார். சான்று கூறவேண்டியவர் மறைந்தார், படமே எஞ்சியது.

அப்படத்தைச் செடிநூலார் ஏற்றிலர். மஞ்சள் நிறம் ஓவியரின் கற்பனை என்றே நெடுங்காலம் எண்ணினர். ஓவியர் அழகு கருதி இல்பொருளைச் சேர்த்தலும் உண்டாகலின், ஐயுற்றமை குற்றமாகாது. ஆனால் ஆடுபன் மலரை மட்டும் எழுதி விட்டாரல்லர். கண்டார் பெயரையும் உடன் வைத்தார். படத்தைத் தள்ளுவார் அப்பெயருடையானையும் பொய்யனாக்குகின்றனர் என்பதை அவர்கள் நிறுத்துப் பார்த்திலர்.

1870-ஆம் ஆண்டுகளின் இடையில், டார்வினோடு கடிதப் போக்குவரவு உடையவரான மேரி ட்ரீட் அம்மையார், புளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றுப் பகுதியில் இம்மலரை நேரிற் கண்டு அறிஞர்க்குத் தெரிவித்தார். நாற்பதாண்டளவு நின்ற ஐயம் அகன்றது.

இதில் வியத்தற்குரியது வேறொன்றும் உளது. மியூனிக் நகரத்துச் சுக்காரினி என்பார், ஆடுபன் படம் வெளிவருதற்கு ஆறாண்டு முன்னரே, 1832-இல், மெக்சிகோவிற் கிடைத்த மஞ்சளாம்பலுக்கு 'நிம்பேயா மெக்சிகானா' எனப் பெயரிட்டிருந்தார். ஏட்டில் ஓரிடத்து உள்ளதே படத்தில் வேறிடத்து ஐயுறப்பட்டது. ஒரு நூலின் இரு பாடங்களை ஒப்புநோக்காது ஒன்றைப் பிழையெனத் தள்ளுவார் செயலும் இத்தகையதே. இரண்டும் ஓரினமெனத் துணிந்தபின், செடிநூல் முறைப்படி முற்பட்ட பெயரே நிலைத்தது. லைட்னர் இட்டது வழக்கு வீழ்ந்தது.

பிரான்சு நாட்டு லத்தூர்-மார்லியாக் இவ்வினத்தைப் பிறவற்றோடு கலந்து, குளிர் தாங்கும் மஞ்சளாம்பல்களை உண்டாக்கினார். அவர் வளர்த்த ஆம்பல்கள் 1889-இல் பாரிசுப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டன.