இழுவிசை ஸ்பிரிங்கும் டிராபார் ஸ்பிரிங்கும்: கொங்கு நாட்டுத் தறியையும் தொட்டிலையும் முன்வைத்து ஒரு தேர்வுநெறி

1. முன்னுரை

ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் கோவையில் நூற்பாலை தொடங்கினார். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இலும், தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா 1956-இலும், லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962-இலும் தோன்றின. இவ்வாறு வளர்ந்த எந்திர நாட்டில் ஸ்பிரிங் இல்லாத பட்டறை கிடையாது. ஆயினும், விலை குறைந்த உறுப்பு என்பதாலேயே அதிகம் யோசிக்காமல் வாங்கப்படுவதும் அதுதான். அறுந்த துண்டைக் கடைக்குக் கொண்டுபோய், தடிமனும் நீளமும் ஒத்ததை வாங்கி மாட்டுவது பரவலான வழக்கம்.

இவ்வழக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். தேர்வுக்கு மூன்று கேள்விகள் வேண்டும். எந்த நீட்சியில் எவ்வளவு விசை? எத்தனை முறை? அறுந்தால் என்ன நேரும்? முதலிரண்டும் ஸ்பிரிங்கின் அளவைத் தீர்மானிக்கும்; மூன்றாவது அதன் வகையையே தீர்மானிக்கும்.

2. இருவகை அமைப்பு

2.1 இழுவிசை ஸ்பிரிங்

இதன் சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கி அமர்ந்திருக்கும். இரு முனையிலும் கொக்கி இருக்கும். சுற்றும்போதே கம்பியில் ஒரு முன்விசை தங்கிவிடும். இழுக்கும் விசை அதைத் தாண்டும்வரை சுற்றுகள் விலகுவதில்லை. தாண்டிய பிறகு நீட்சிக்கு நேர்விகிதத்தில் விசை ஏறும். சுற்றியபின் கொடுக்கும் வெப்பப் பதம் முன்விசையை ஓரளவு குறைக்கும் என்பதால், அதை உருவாக்குநரிடம் எண்ணாகவே கேட்டுப் பெற வேண்டும்.

2.2 டிராபார் ஸ்பிரிங்

இது உண்மையில் அமுக்க ஸ்பிரிங். 'ப' வடிவில் வளைத்த இரு தண்டுகள் எதிரெதிர் முனைகளிலிருந்து உள்ளே நுழைந்து, ஒவ்வொன்றும் மறுமுனையின் கடைசிச் சுற்றைப் பற்றியிருக்கும். தண்டுகளை வெளியே இழுத்தால் நடுவிலுள்ள ஸ்பிரிங் அமுங்கும். சுற்றுகள் முழுதும் நெருங்கியதும் நீட்சி நின்றுவிடும்; அதற்குமேல் வரும் பாரத்தைத் தண்டுகளே தாங்கும். ஒரு சுற்று முறிந்தாலும் துண்டுகள் தண்டுகளுக்கிடையே சிறைப்பட்டிருப்பதால், பாரம் சற்றே இறங்குமே தவிர விழாது.

இதற்கும் குறைகள் உண்டு. எடையும் விலையும் கூடுதல், நீட்சிக்கு எல்லை உண்டு, தண்டு சுற்றில் உரசும். ஆகவே விரைந்து இயங்கும் பொறிகளுக்கு இது ஒவ்வாது.

3. விறைப்பின் கணக்கு

விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கோடு ஏறும். சுற்றின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடும் சுற்றுகளின் எண்ணிக்கையோடும் இறங்கும். 14 கேஜ் கம்பி 2.03 மி.மீ.; 13 கேஜ் 2.34 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதே சராசரி விட்டத்தில் ஒரு கேஜ் மாறினால் விறைப்பு சுமார் 75 விழுக்காடு கூடிவிடும். கண்ணளவை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சராசரி விட்டத்தைக் கம்பித் தடிமனால் வகுத்தால் வரும் எண் 4-க்கும் 12-க்கும் இடையில் இருப்பது நல்லது. குறைந்தால் சுற்றின் உட்பக்கத்தில் தகைவு குவியும். மிகுந்தால் ஸ்பிரிங் தொளதொளக்கும்.

4. தறியில் ஒரு சோதனை

சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிகளில் டாபி பழகிய பொறி. யார்க்‌ஷயரின் கீத்லி நகரில் 1867-இல் உருவான டாபியின் வழிவந்த வகைகளில், விழுதுச் சட்டத்தை டாபி மேலே தூக்கும். கீழே இறக்குவது ஸ்பிரிங்கின் வேலை. சட்டம் ஏற ஏற இழுப்பும் ஏறும். அந்தச் சுமை விழுதையும் மோட்டாரையும் வருத்தும்.

கம்பி 2 மி.மீ., சராசரி விட்டம் 16 மி.மீ., முன்விசை 20 நியூட்டன், சட்டத்தின் ஏற்றம் 100 மி.மீ. எனக் கொள்வோம். 40 சுற்று ஸ்பிரிங்கின் விறைப்பு மி.மீட்டருக்கு 0.96 நியூட்டன். சட்டம் கீழே இருக்கையில் 59 நியூட்டன் இழுப்பு வேண்டுமெனில், மேலே 155 நியூட்டன் ஆகிவிடும். 80 சுற்றாக்கினால் விறைப்பு பாதியாகும். அதே 59-இல் தொடங்கி 107-இல் நிற்கும். வளைவுத் திருத்தத்தோடு தகைவு முதலாவதில் 935 மெகாபாஸ்கல், இரண்டாவதில் சுமார் 645. இழுவலிமை 1,800 முதல் 2,000 வரையுள்ள கம்பிக்கு, அதன் 45 விழுக்காடு நிலைச்சுமை எல்லை. முதலாவது அந்த எல்லையையே மீறுகிறது.

நிமிடத்துக்கு 150 ஊடை ஓடும் தறியில், சாதா நெசவில் ஒரு சட்டம் 75 முறை ஏறும். நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடினால் 12 நாளில் 10 லட்சம் சுழற்சி தாண்டும். இத்தகைய ஓயாத ஓட்டத்துக்குத் தகைவின் எல்லை இன்னும் தாழும். தேவைப்பட்டால் சுமையை இரு ஸ்பிரிங்குகளுக்குப் பங்கிட வேண்டும். இழுப்புப் போதவில்லை என்றால் தடித்த கம்பிக்குத் தாவாமல், நீண்ட ஸ்பிரிங்கைக் கூடுதலாக முன்னிழுத்து மாட்டுவதே முறை.

5. முறிவின் இடமும் காரணமும்

இழுவிசை ஸ்பிரிங் பெரும்பாலும் கொக்கியில்தான் முறியும். உடலில் முறுக்குத் தகைவு மட்டுமே முதன்மை. கொக்கியின் திருப்பத்தில் வளைவுத் தகைவும் சேர்கிறது. ஆகவே கொக்கியின் வளைவு ஆரம் தாராளமாக இருக்க வேண்டும். இடுக்கித் தழும்பும் கூர்மடிப்பும் கூடவே கூடாது.

சோர்வு முறிவைத் தள்ளிப்போடும் குண்டடிப் பதம் அமுக்க ஸ்பிரிங்குக்கு எளிது; நெருங்கிய சுற்றுகளில் அது உள்ளே எட்டாது. ஆலையின் ஈரக்காற்றில் துருக்குழி விழுந்தால் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். துத்தநாகப் பூச்சிட்டால் ஹைட்ரஜன் நொறுங்கலைத் தவிர்க்க உடனே சூடேற்ற வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக்கு மாறினால் விறைப்பு சுமார் 12 விழுக்காடு குறையும். சுற்றுகளை அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

6. தொட்டில்: வகையைத் தீர்மானிக்கும் இடம்

தறியில் ஸ்பிரிங் அறுந்தால் துணியில் பழுது. வீட்டில் அறுந்தால் விழுவது குழந்தை. விட்டத்தில் மாட்டும் தொட்டில் ஸ்பிரிங் நம் வீடுகளில் சாதாரணப் பொருள். குழந்தையும் சேலையும் கட்டையுமாக 12 கிலோ என்றால் நிலைச்சுமை சுமார் 118 நியூட்டன். ஆட்டும்போது அதைத் தாண்டும். நொடிக்கு ஓர் ஆட்டம், நாளுக்கு 3 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 39 லட்சம் சுழற்சி. தறியைப் போலவே இதுவும் சோர்வுக்கு உள்ளாகும் பொறிதான்.

எனவே தலைக்குமேலோ ஆளைச் சுமந்தோ தொங்கும் எதற்கும் டிராபார் வகையே தகும். ஆட்டத்தின் வீச்சு சற்றுக் குறையும். அது கொடுக்கத்தக்க விலை. இழுவிசை வகையையே பயன்படுத்த நேர்ந்தால், முழு நீட்சியைவிடச் சற்றே நீளமான சங்கிலியை உள்ளே செலுத்தி, இரு முனையும் ஸ்பிரிங்கைச் சாராமல் விட்டத்திலும் தொட்டிலிலும் நேரே பூட்ட வேண்டும்.

7. முடிவுரை

விரைந்த சுழற்சி, நீண்ட நீட்சி, முறிந்தால் ஆபத்தில்லை என்ற இடத்தில் இழுவிசை ஸ்பிரிங். பாரம் விழக்கூடாத இடத்தில் டிராபார். இதுவே இவ்வாய்வின் தீர்ப்பு. கணக்குக்கு வேண்டிய அட்டவணைகள் பி.எஸ்.ஜி. வெளியிட்ட வடிவமைப்புத் தரவு நூலில் உள்ளன, கம்பிக்கு ஐ.எஸ். 4454, இழுவிசை ஸ்பிரிங்குக்கு ஐ.எஸ். 7907 ஆகிய இந்தியத் தரங்களும் உள்ளன. பட்டறைக்காரர்கள் கம்பித் தடிமன், விட்டம், சுற்று எண்ணிக்கை, முன்விசை, இரு நிலைகளின் விசை ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுத்தே ஸ்பிரிங் வாங்க வேண்டும். தொட்டில் கட்டும் பெற்றோர், உள்ளே சங்கிலியில்லாத இழுவிசை ஸ்பிரிங் வீட்டில் தொங்கினால் அதை இன்றே கழற்றிவிட வேண்டும்.