மூன்றாம் படை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி எழுதுவோர், பந்தை எறிந்தவனையும் ஏந்தி ஓடியவனையுமே பெரிதும் பாடியிருக்கிறார்கள். (நாம் அறிந்த கால்பந்தன்று, முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, மோதி முன்னேறும் ஆட்டம்.) அதில் தாக்கும் பதினொருவர் ஒரு படை, தடுக்கும் பதினொருவர் இன்னொரு படை. இவற்றைத் தவிர, பந்தை உதைக்கும் வேளையில் மட்டும் களம் புகுந்து சில நொடிகளில் வெளியேறும் மூன்றாம் படை ஒன்றும் உண்டு. ஸ்பெஷல் டீம்ஸ் என்பது அதன் பெயர். ஆட்டத்தின் போக்கையே திருப்பவல்ல இப்படைக்குப் பயிற்சி நேரத்தில் கிடைப்பதோ பெரும்பாலும் மிச்சமும் மீதியும்தான்.

முற்காலத்தில் நிலைமை வேறு. டென்னசி பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் ராபர்ட் நேலண்ட் ராணுவ அதிகாரியாக இருந்தவர். உதைக்கும் ஆட்டத்திலேதான் வாய்ப்புகள் பிறக்கின்றன என்பதைத் தம் வீரர்களுக்கு ஒரு விதியாகவே ஓதிவந்தார். 1939ஆம் ஆண்டின் வழக்கமான பருவத்தில் 10 ஆட்டங்களிலும் அவரது அணி எதிரிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்நாளில் தாக்குவதும் தடுப்பதும் உதைப்பதும் பெரும்பாலும் அதே வீரர்கள்தாம். ஆகவே, யாருடைய நேரம் என்னும் வழக்கே எழவில்லை. 1965இல் ஆட்களை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தபின் படைகள் பிரிந்தன, பயிற்றுநர்களும் பிரிந்தனர். உதைக்கும் படை இருசாராருக்கும் பொதுப் பிள்ளையாயிற்று. பொதுப் பிள்ளையின் பசி யாருக்குத் தெரியும்?

1991இல் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ ஒரு வரம்பு கட்டியது. பருவ காலத்தில் ஒரு மாணவர் நாளுக்கு 4 மணிநேரம், வாரத்துக்கு 20 மணிநேரம் மட்டுமே விளையாட்டுக்குத் தரலாம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. படிப்பைக் காக்க வந்த நல்ல விதி அது. ஆட்டநாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணிநேரம் என்றே கணக்கு. எஞ்சிய 17 மணிநேரத்துக்குள் உடற்பயிற்சி, படம் பார்த்து ஆராய்தல், கூட்டம், களப்பயிற்சி எல்லாம் அடங்கவேண்டும். உதைப்பவர் ஓரமாக நின்று தனியே பழகலாம். அவரைக் காக்கும் பத்துப்பேரை ஒருசேர நிறுத்தவேண்டுமென்றால், மற்றப் படைகளின் பயிற்றுநர்களிடம் நிமிடங்களைக் கெஞ்சித்தான் பெறவேண்டும்.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 1987 முதல் 2015 வரை தலைமைப் பயிற்றுநராக இருந்த ஃபிராங்க் பீமர் கண்ட வழி எளியது. அப்படையைத் தாமே எடுத்துக்கொண்டார். தலைவரே கேட்கும்போது நேரத்தை மறுப்பவர் யார்? அதோடு நில்லாமல், மாற்று வீரர்களிடம் தள்ளிவிடும் வழக்கத்தை விட்டு, தம் முதல்தர வீரர்களையே அதில் இறக்கினார். அவர்கள் காயம்பட்டால் என்னாவது என்று அஞ்சிய பயிற்றுநர்கள் பலர். அந்த அச்சம் பொய்யானதுமன்று. 1992இல் 2 வெற்றி, 8 தோல்வி, ஒரு சமநிலை என்று தவித்த அணி, 1993 முதல் தொடர்ந்து 23 பருவங்கள் பருவ இறுதியின் பௌல் ஆட்டங்களுக்குத் தகுதிபெற்றது. எதிரி உதைத்த பந்தை மறித்து வீழ்த்துவது அவர்களின் முத்திரையாகி, பீமர்பால் என்னும் பெயரும் பெற்றது. 1995 டிசம்பர் 31 அன்று நடந்த சுகர் பௌலில் டெக்சஸ் 10-0 என முந்தியிருந்தபோது, எதிரி உதைத்த பந்தை பிரையன் ஸ்டில் ஏந்தி 60 கெஜம் ஓடினார். ஆட்டம் திரும்பி 28-10 என முடிந்தது.

ஆனால் வரலாறு குறும்புக்காரி. 2000 ஜனவரி 4 அன்று தேசிய வாகைக்கான ஆட்டத்தில் பீமரின் அணி ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 46-29 எனத் தோற்றது. அதில் மறிக்கப்பட்டது பீமரின் அணி உதைத்த பந்து. அது எதிரிக்குப் புள்ளிகளாயிற்று. அவர்கள் உதைத்த இன்னொரு பந்தை பீட்டர் வாரிக் 59 கெஜம் ஏந்திச்சென்று மேலும் புள்ளிகள் சேர்த்தார். பயிற்சி எவ்வளவு தந்தாலும் எதிரியும் பயிற்சி செய்கிறான் அல்லவா!

காயம் பற்றிய அச்சத்துக்கும் ஒரு சான்று சொல்லவேண்டும். 2015 அக்டோபர் 17 அன்று, மிஷிகன் 23-21 என முந்தியிருக்க, எஞ்சியவை 10 நொடிகள். உதைக்கவேண்டியவர் பந்தை நழுவவிட்டார். மிஷிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் அதை எடுத்துக் கோட்டைத் தாண்டினார். ஆட்டம் 27-23. வென்ற அந்த ஓட்டத்தின் முடிவிலேயே அவருடைய இடுப்பு முறிந்தது. தோழர்கள் ஆரவாரத்தோடு மேலே விழுந்தபோது அவர் வலியில் கிடந்தார்.

2018 ஜனவரியில் உதவிப் பயிற்றுநர்களின் எண்ணிக்கை 9இலிருந்து 10 ஆயிற்று. பல கல்லூரிகள் அப்புதிய இடத்தை மூன்றாம் படைக்கே தந்தன. 2024இல் அணியின் பணியாளர் எவரும் களத்தில் பயிற்றுவிக்கலாம் என்றானது. மாணவரின் மணிநேர வரம்பை இவ்விரு மாற்றங்களும் தொடவில்லை.