ஆறு என்ற எண்: பெர்ல் மொழியின் வாரிசும் அதன் பெயர்மாற்றமும்

ஒரு மென்பொருளின் பெயரோடு 5, 6 என்று வரும் எண் அதன் பதிப்பைக் குறிக்கிறது. 6 வெளிவந்தால் 5-ஐப் பயன்படுத்துவோர் அதற்கு மாறிக்கொள்ள வேண்டும், 5 மெல்ல ஓய்வுபெறும் என்றே எவரும் அந்த எண்ணைப் புரிந்துகொள்வர். பெர்ல் என்னும் நிரல்மொழியில், அதாவது கணினிக்குக் கட்டளைகளை எழுதித்தரப் பயன்படும் மொழியில், இந்த எதிர்பார்ப்பு 2000-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் நிறைவேறாமல் நின்று, கடைசியில் பெயரையே மாற்றுவதில் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்த பூசல்களைத் தொழில்நுட்பத் தோல்வியின் கதையாகச் சொல்வது வழக்கம். ஆனால் காலதாமதத்தைவிட, அந்த ஓர் எண்ணே இரண்டு சமூகங்களுக்கும் கூடுதலான கேட்டை விளைத்தது என்பதை நிகழ்ச்சிகளை வரிசையாக நோக்கினால் உணரலாம்.

மொழியியல் பயின்ற அமெரிக்கரான லாரி வால் 1987 டிசம்பரில் பெர்லை வெளியிட்டார். உரைக்கோப்புகளிலிருந்து வேண்டிய செய்தியைப் பிரித்தெடுப்பதற்கான கருவியாகத் தொடங்கிய அது, 1994-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் முழுமையான நிரல்மொழியாக உருப்பெற்றது. ஒரு வேலையைச் செய்யப் பல வழிகள் இருக்கலாம் என்பதே அதன் கொள்கை. இணையம் பரவத் தொடங்கிய அந்த ஆண்டுகளில் வலைத்தளங்களின் பின்னணி வேலைகளைப் பெர்ல் பெரிதும் சுமந்தது. உலகெங்குமுள்ள நிரலர்கள் எழுதிய ஆயத்தக் கூறுகளைத் திரட்டித் தரும் சிபான் என்னும் களஞ்சியம் அதற்கு வேறு எந்த மொழிக்கும் அன்று வாய்க்காத வலிமையைத் தந்தது.

அந்த வெற்றியின் உச்சத்திலேயே தேக்கம் பற்றிய அச்சமும் தோன்றியது. பெர்ல் 5-இன் உள்ளமைப்பு, புதியவர்கள் கைவைக்கத் தயங்கும் அளவுக்குச் சிக்கலாகியிருந்தது. 2000 ஜூலையில் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் நடந்த பெர்ல் மாநாட்டையொட்டிய கூட்டமொன்றில், இந்தத் தேக்கத்தைப் பொறுக்கமாட்டாத, பெர்ல் சமூகத்தைச் சேர்ந்த ஜான் ஒர்வான்ட் காப்பிக் கோப்பைகளைச் சுவரில் எறிந்து, பெரியதாக ஏதேனும் செய்யாவிட்டால் சமூகம் அழியும் என்று எச்சரித்த நிகழ்ச்சி பெர்ல் வரலாற்றில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதே மாநாட்டில் லாரி வால் பெர்ல் 6-ஐ அறிவித்தார். பெர்ல் 5-ஐத் தாமே திருத்தி எழுதியதாகவும், 6-ஐச் சமூகமே திருத்தி எழுத வேண்டும் என்றும் அவர் கருதினார்.

அழைப்பை ஏற்றுச் சில மாதங்களுக்குள் 361 முன்மொழிவுகள் குவிந்தன. அவற்றையெல்லாம் படித்து, ஒன்றோடொன்று முரண்படுபவற்றை இணக்கி, ஒரே மொழியாக வடிக்கும் பொறுப்பு லாரி வால் ஒருவர் தோளில் விழுந்தது. தம்முடைய வடிவமைப்பு முடிவுகளை அவர் 2001 முதல் நீண்ட கட்டுரைகளாக எழுத, ஆஸ்திரேலியரான டேமியன் கான்வே அவற்றுக்கு விளக்கவுரைகள் எழுதினார். ஒவ்வொரு கட்டுரையிலும் புதிய மொழி பழையதிலிருந்து மேலும் விலகியது. எடுத்துக்காட்டாக, பெர்ல் 5-இல் ஒரு பட்டியலைக் குறிக்க அதன் பெயருக்கு முன் இடப்படும் குறி, அப்பட்டியலின் ஓர் உறுப்பைக் குறிக்கும்போது மாறிவிடும். பெர்ல் 6-இல் அக்குறி எங்கும் மாறாது. இரண்டு சொற்றொடர்களை ஒட்டுவதற்குரிய புள்ளி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இவை நல்ல முடிவுகளே. ஆயினும் பெர்ல் 5-இல் எழுதிய நிரலைத் திருத்தாமல் இனி இயக்க முடியாது என்பதற்கும் இவையே காரணமாயின. பழைய நிரலையும் புதிய கருவியே இயக்கித்தரும் என்ற தொடக்ககால உறுதி, அதற்கென எடுக்கப்பட்ட முயற்சி 2006-இல் கைவிடப்பட்டபோது நடைமுறையில் முடிந்துபோனது. எண்ணை மாற்றுவதற்கு ஏற்ற காலம் அதுதான். அன்று அது செய்யப்படவில்லை.

வடிவமைப்பு தாளில் இருக்க, அதை இயக்கிக்காட்டும் தொகுப்பி, அதாவது மனிதர் எழுதிய நிரலைக் கணினி இயக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள், இல்லாத நிலை நீடித்தது. தைவானைச் சேர்ந்தவரும் பின்னாளில் அந்நாட்டின் எண்மத்துறை அமைச்சருமான ஆட்ரி டாங், 2005 பிப்ரவரியில் ஹாஸ்கல் மொழியில் பக்ஸ் என்ற தொகுப்பியை எழுதத் தொடங்கியது இந்த இறுக்கத்தை உடைத்தது. கேட்டவர்க்கெல்லாம் மூலநிரலைத் திருத்தும் உரிமையை அவர் தாராளமாக வழங்கியதால் ஆர்வலர்கள் திரண்டனர். அவர்கள் எழுதிச் சேர்த்த சோதனை நிரல்களின் தொகுதி, பக்ஸ் ஓய்ந்த பின்னும் வளர்ந்து, அச்சோதனைகளில் தேறுவதே பெர்ல் 6 என்னும் அதிகாரபூர்வ இலக்கணமாயிற்று. ஒரு மொழியின் இலக்கணத்தைச் சமூகமே சோதனைகளாக எழுதிவைத்தது இந்த வரலாற்றின் மிக உயர்ந்த சாதனைகளுள் ஒன்று. அடுத்து வந்த ராக்குடோ என்னும் தொகுப்பி முதலில் பாரட் என்ற மெய்நிகர் இயந்திரத்தின், அதாவது நிரல்களை இயக்கித்தரும் மென்பொருளின், மேலும், பின்னர் இதற்கெனவே எழுதப்பட்ட மோர்விஎம் என்பதன் மேலும் இயங்கியது. எப்போது வெளிவரும் என்று கேட்டவர்களுக்கு, ஆண்டைச் சொல்லாமல், கிறிஸ்துமஸுக்கு என்று பதில் தரப்பட்டு வந்தது. 2015 கிறிஸ்துமஸ் நாளில் மொழி உண்மையாகவே வெளிவந்தது.

இந்தப் பதினைந்து ஆண்டுகளும் பெர்ல் 5 உயிரோடுதான் இருந்தது. 2002-இல் வந்த 5.8-க்கும் 2007-இல் வந்த 5.10-க்கும் இடையே ஐந்து ஆண்டுகள் கழிந்தது உண்மை. ஆயினும் 2010 முதல் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வெளிவந்தது. பெர்ல் 6-க்காகச் சிந்திக்கப்பட்ட பல வசதிகள் 5-க்குள்ளும் வந்து சேர்ந்தன. வெளியுலகம் இதைக் காணவில்லை. மொழியைத் தேர்ந்தெடுக்கும் நிறுவன மேலாளருக்கு, 5 என்பது கைவிடப்படவிருக்கும் பழைய பதிப்பு, 6 என்பது முடிவுறாத புதிய பதிப்பு. ஆகவே இரண்டும் வேண்டாம் என்று அவர் பைத்தானையோ பிஹெச்பியையோ நாடினார். பெர்லின் சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்பது மிகையாகும். ஆனால் 5-ஐக் காப்பவர்கள், எத்தனை மேம்பாடு செய்தாலும் தங்கள் மொழியை 6 என்று உயர்த்த முடியாமல் அடைபட்டுக் கிடந்தனர் என்ற குறை நியாயமானது. இரண்டும் உடன்பிறந்த மொழிகள், ஒன்று மற்றொன்றின் வாரிசன்று என்று இரு தரப்பாரும் சொல்லத் தொடங்கியும், எண்ணின் வரிசை அந்த விளக்கத்தை ஒவ்வொரு முறையும் தோற்கடித்தது.

எதிர்த் தரப்பின் வேதனையும் சிறியதன்று. பெர்ல் 6 என்ற பெயரில் நூல்கள் அச்சாகியிருந்தன, பயிற்சிகள் நடந்தன. வராத மொழி என்ற ஏளனத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கி, ஊதியமின்றி உழைத்து, வந்துவிட்டது என்று நிரூபித்தவர்களிடம் பெயரை விட்டுக்கொடு என்று கேட்பது, உழைப்பையே மறுப்பதாக அவர்களுள் பலருக்குப் பட்டது. பெயரில் பெர்ல் இருப்பதால்தான் மக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று சிலரும், அதனால்தான் பழைய மொழியைப் பற்றிய தப்பெண்ணங்களும் ஒட்டிக்கொள்கின்றன என்று சிலரும் வாதிட்டனர். தீபாவளியின் பெயரைத் தாங்கிய 6.டி பதிப்பு வெளிவந்த 2018-இல், தொகுப்பியின் பெயரை ஒட்டி, ராக்கு என்பதை மாற்றுப்பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று லாரி வால் இசைந்தார். இரண்டு பெயர்களும் ஒருங்கே வழங்கியதால் குழப்பம் குறையவில்லை. 2019 ஆகஸ்டில், பெயரில் பெர்ல் இருப்பதே குழப்பத்துக்கும் எரிச்சலுக்கும் காரணம் என்று முன்னணிப் பங்களிப்பாளர் ஒருவர் முறையாக முன்மொழிந்தார். முதலில் அவர் பரிந்துரைத்தது, மொழியின் சின்னமான வண்ணத்துப்பூச்சியின் பெயரான கமீலியா. நீண்ட விவாதத்தில் ராக்கு என்பதே நிலைபெற, அக்டோபரில் லாரி வால் பழைய துருத்தியில் புதிய திராட்சை இரசத்தை ஊற்றலாகாது என்னும் விவிலியக் கருத்தைச் சுட்டி ஒப்புதல் அளித்தார்.

இந்த முடிவு சரியானதே. பத்தாண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தால் இரு சமூகங்களும் ஒன்றையொன்று குறைகூறிச் செலவிட்ட ஆற்றலில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். பைத்தான் 3 பழையதோடு முழுமையாக ஒத்துப்போகாமலே 2008-இல் வந்தும் பெயரைக் காத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் மாற்றங்கள் அளவானவை, பழைய பதிப்புக்கு முடிவு நாள் குறிக்கப்பட்டு 2020 தொடக்கத்தில் அது நிறைவேறியது என்பதே. பெர்லில் அப்படி ஒரு நாளைக் குறிக்க எவருக்கும் மனமும் இல்லை, தேவையும் இல்லை.

தடை நீங்கியதும் பெர்ல் 5 அடுத்த எண்ணை நோக்கியது. 6 பயன்படுத்தப்பட்டுவிட்டதால் 2020 ஜூனில் பெர்ல் 7 அறிவிக்கப்பட்டது. பழைய நிரல்கள் பழுதாகுமே என்ற அச்சத்தாலும், கலந்தாலோசிக்காமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்ற மனத்தாங்கலாலும் அங்கும் பிளவு ஏற்பட, மொழியை வழிநடத்தத் தேர்தல்வழி வழிகாட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. போதிய புதுமைகள் சேரும்வரை 7 என்ற எண் வேண்டாம் என்று அக்குழு 2022-இல் தெரிவித்தது. அதே ஆண்டு வெளிவந்த பதிப்பின் எண் 5.36.