கரண்ட் விற்ற கதை

சில வருஷங்களுக்கு முன்னாடி, மொட்டை மாடியில் சோலார் பேனல் போடலாம்னு ஆசைப்பட்டு விலை விவரம் வாங்கி வந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "இருபது வருஷத்து கரண்ட் பில்லை இன்னைக்கே கட்டச் சொல்றியாடா?" என்றார். எனக்குப் பதில் தெரியலை. தாள் பீரோவுக்குள் போய்விட்டது.

அப்பாவின் அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்து, அதையே தொழிலாக்கிய ஒருவர் இருக்கிறார். ஜிகர் ஷா. இந்தியாவில் பிறந்து, சின்ன வயசிலேயே அமெரிக்கா போய், இல்லினாயில் வளர்ந்து, மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கும் பிறகு எம்.பி.ஏ.வும் படித்தவர்.

2003-ல் அவர் சன்எடிசன் என்ற கம்பெனியைத் தொடங்கினார். புதுசா ஒரு பேனலையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது ஒரு ஒப்பந்தத்தைத்தான், அதாவது அதைச் சோலாருக்குப் பொருத்தும் விதத்தை. கடைக்காரரே, உங்க கூரையை மட்டும் கொடுங்க. பேனல், கம்பி, பராமரிப்பு எல்லாம் எங்க செலவு. அதிலிருந்து வரும் கரண்டை மட்டும் பேசிய விலைக்குப் பத்து, இருபது வருஷம் வாங்கிக்கோங்க. அவ்வளவுதான்! பெரிய சங்கிலிக் கடைகள் கூரையைக் கொடுத்தன. கையில் இருபது வருஷ ஒப்பந்தம் இருந்ததால் முதலீட்டாளர்களும் நம்பிப் பணம் போட்டார்கள். 2005-ல் வந்த அமெரிக்கச் சட்டம் சோலாருக்கான வரிச்சலுகையை 30 சதவீதமாக உயர்த்தியதும் வண்டி வேகம் பிடித்தது.

2009-ல் எம்.இ.எம்.சி. என்ற சிலிக்கான் கம்பெனி சன்எடிசனை 20 கோடி டாலருக்கு வாங்கியது. ஷா வெளியே வந்துவிட்டார். வாங்கினவர்கள் 2013-ல் தங்கள் பெயரையே சன்எடிசன் என்று மாற்றிக்கொண்டு, கடன் மேல் கடன் வாங்கி உலகமெல்லாம் திட்டங்களை வளைத்துப் போட்டார்கள். 2015-ல் ஆந்திராவில் யூனிட் 4.63 ரூபாய்க்கு ஏலம் கேட்டு நம்மூரையும் வாய்பிளக்க வைத்தார்கள். 2016 ஏப்ரலில் திவால். கடன் சுமார் 1,600 கோடி டாலர்! பெத்தவர் ஒருத்தர், கெடுத்தவர் வேறொருத்தர்.

ஷா 2014-ல் நண்பர்களோடு ஜெனரேட் கேபிடல் தொடங்கினார். வழக்கமான வெஞ்சர் கேபிடல்காரர்கள் அடுத்த பெரிய கண்டுபிடிப்பைத் தேடி ஓடுவார்கள். இவர் கட்சி வேறு. ஏற்கனவே நல்லா வேலை செய்யுற தொழில்நுட்பத்தைக் கட்டி நிறுத்தத்தான் பணம் கிடைக்கலை என்பார். சாணம், கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன், பேட்டரி என்று பெரிய வங்கிகள் சின்னதென்று ஒதுக்கிய திட்டங்களுக்குக் காசு போட்டது அந்தக் கம்பெனி.

2021 மார்ச்சில் அமெரிக்க எரிசக்தித் துறையின் கடன் அலுவலகம் அவர் கைக்கு வந்தது. சோலிண்ட்ராவுக்கு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்து, 2011-ல் அது திவாலானதும் ஊரெல்லாம் திட்டு வாங்கிய அதே அலுவலகம். டெஸ்லாவுக்கு 46.5 கோடி கொடுத்து, 2013-லேயே முழுசா திரும்ப வாங்கியதும் அதேதான். அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? :-) திட்டு வாங்கிய பயத்தில் உறங்கிக் கிடந்த இடத்தை ஷா உலுக்கி எழுப்பினார். மிச்சிகனில் மூடிக் கிடந்த பாலிசேட்ஸ் அணுமின் நிலையத்தைத் திரும்பத் திறக்க 152 கோடி டாலர் கடன் உத்தரவாதம் போனது அவர் காலத்தில்தான். 2025 ஜனவரியில் ஆட்சி மாறியது, அவரும் விலகினார்.

எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஒப்பந்தம் நல்லதாக இருந்தாலும் பேராசைக்காரர் கையில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே சன்எடிசன்தான் சாட்சி. கடன் என்பது கத்தி மாதிரி. காய் நறுக்கவும் உதவும், கையையும் நறுக்கும்.

ஆனாலும் ஒன்று சொல்லணும். விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டாகப் பேனலைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைக் கூரை மேல் ஏற்ற, எங்க அப்பா மாதிரி கணக்குப் போடுகிற ஒரு ஆளும் தேவைப்பட்டார். அப்பா கேட்டது தப்பான கேள்வியே இல்லை. பதிலோடு எங்க தெருவுக்கு யாரும் வரலை, அவ்வளவுதான்.

பீரோவில் அந்தத் தாளை நேற்று தேடினேன். இன்னும் இருக்கு.