துணியை வெட்டும்போதே சோதனை முடிவாகிறது

மசூலிப்பட்டினத்துக் கலம்காரி அச்சுக்கட்டையில் பிறப்பது; காளஹஸ்திக் கலம்காரி கையால் எழுதப்படுவது. எழுதும் முன் பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவார்கள். பால் சேராவிட்டால், இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு மை கசியும் என்பது தொழிலறிவு. இதை எண்ணால் சோதிக்க நினைக்கும் மாணவர் ஒருவர் கீழ்க்கண்டவாறு எழுதுவதாகக் கொள்வோம்.

மூலம்

‘ஆறு துணிகளை இரண்டிரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பால் சேர்த்தும் மறுபாதியைப் பால் இன்றியும் தோய்த்து, கோட்டின் கசிவுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, வில்காக்ஸன் குறித்தரச் சோதனையால் 0.05 மட்டத்தில் ஒப்பிடுவோம்.’

விளக்கம்

இரண்டிரண்டாக வெட்டி: துணிக்குத் துணி நூலும் நெசவும் மாறும், ஒரே துணியின் பாதிகளில் அந்த வேறுபாடு அடங்கிவிடும். எனவே தரவு பன்னிரண்டு துண்டுகள் அல்ல, ஆறு இணைகள். இரு குழுவுக்கும் வெவ்வேறு துணி எடுத்திருந்தால் 1947இல் வந்த மான்-விட்னி சோதனை பொருந்தும். இங்கே அது இணையைப் பிரித்துவிடும்.

1 முதல் 5 வரை: இது வரிசை மட்டுமே. 1க்கும் 2க்கும் உள்ள இடைவெளி 4க்கும் 5க்கும் உண்டென்று சொல்ல முடியாது. கசிவை மில்லிமீட்டரில் அளந்து, வேறுபாடுகள் ஏறக்குறைய இயல்நிலைப் பரவலில் அமைந்தால், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் காசெட் 1908இல் தந்த வழியில் இணை டி-சோதனை செய்யலாம்.

வில்காக்ஸன்: வேதியியலாளரான இவர் 1945இல் தந்த முறை இது. இணைகளின் வேறுபாட்டில் சுழியானவற்றை நீக்கி, மீதியை அளவுப்படி தரவரிசையிட்டு, கூட்டல் குறிகளின் தரங்களையும் கழித்தல் குறிகளின் தரங்களையும் தனித்தனியே கூட்ட வேண்டும். பாலால் மாற்றம் இல்லையென்றால் இரு தொகைகளும் நெருங்கியே நிற்கும். மதிப்பெண்களைக் கழிப்பதே தவறு என்பவர், திசையை மட்டும் எண்ணும் குறிச் சோதனைக்குப் போகலாம்.

0.05: வழக்கத்தால் நிலைத்த எல்லை. தரவைப் பார்க்குமுன் எழுதிவைத்தால்தான் இதற்கு மதிப்பு.

ஆறு: வாக்கியத்தின் பலவீனம் இந்தச் சொல்தான். ஆறு இணைகளும் ஒரே பக்கம் சாய்ந்தால் பி-மதிப்பு 2/64, அதாவது 0.031. ஓர் இணை சமமாகிவிட்டால் மிஞ்சுவது ஐந்து. அவை அனைத்தும் பாலுக்கே சாட்சி சொன்னாலும் இருபக்கச் சோதனையில் கிடைப்பது 2/32, அதாவது 0.0625. எல்லையைத் தொடவே வழியில்லை. ஐந்தே மதிப்பெண்கள் உள்ள அளவுகோலில் சமநிலை அரிதும் அல்ல.

ஆகவே சோதனையின் பெயரை மாற்ற வேண்டாம். பன்னிரண்டு துணிகள் எடுத்தால், நான்கு இணைகள் சமமானாலும் எட்டு மிஞ்சும். எட்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் 2/256, அதாவது 0.008. அந்தக் கணக்கைக் கத்தரியை எடுக்குமுன் போட வேண்டும். வெட்டிய பிறகு எந்த மென்பொருளும் துணியைக் கூட்டித் தராது.