கால்டுவெல் கண்ட ஃபின்னிய உறவு

பழைய திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் 1841-இல் குடியேறிய ராபர்ட் கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில் இரண்டு கருத்துகளை நாட்ட முயன்றார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தின் வழிவந்தவை அல்ல என்பது ஒன்று. சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் 1816-லேயே இதைத் தொட்டிருந்தார்; கால்டுவெல் விரிவாக நிறுவினார். திராவிட மொழிகள் ‘சித்திய’ இனத்தவை, அதிலும் ஃபின்னிய-உக்ரியக் கிளைக்கு நெருங்கியவை என்பது மற்றொன்று. அதாவது கடம்பூரிலும் கோவில்பட்டியிலும் பேசும் பேச்சுக்கு ஹெல்சிங்கியில் பங்காளி உண்டு! முதல் கருத்து மேடைதோறும் முழங்குகிறது; இரண்டாவதை எடுத்துப் பேசுவோர் குறைவு.

அவர் எழுதிய காலத்தில் ஃபின்னிய மொழியே தன் வம்சத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பிஷப் மிக்கேல் அக்ரிக்கோலா 1543-இல் அரிச்சுவடியையும் 1548-இல் புதிய ஏற்பாட்டையும் அச்சிட்டபோதுதான் அது எழுத்துமொழியாக வேர்பிடித்தது. ஆட்சியும் கல்வியும் சுவீடிய மொழியிடமே இருந்தன. 1770-இல் ஹங்கேரிய அறிஞர் சைனோவிச், ஹங்கேரியமும் ஃபின்னியத்துக்கு நெருங்கிய வடகோடிச் சாமி மொழியும் உறவு என்று எழுதினார். 1799-இல் அவர் நாட்டவரான ஜார்மதி அதை இலக்கணவழி வலுப்படுத்தினார். கஸ்த்ரேன் என்ற ஃபின்னியர் சைபீரியப் பனியில் ஆண்டுக்கணக்கில் அலைந்து சிறுகுடிகளின் பேச்சைத் தொகுத்து, 1851-இல் ஹெல்சிங்கியில் ஃபின்னிய மொழியின் முதல் பேராசிரியரானார்; மறு ஆண்டே இறந்தார். 1863-இல், ஃபின்லாந்தை ஆண்ட ரஷ்யப் பேரரசரின் ஆணை ஃபின்னியத்துக்குச் சுவீடியத்தோடு சமநிலை பெற வழி திறந்தது.

கால்டுவெல்லை மயக்கியது எது என்பது புரிகிறது. ஃபின்னியத்தில் ‘தாலோ’ என்றால் வீடு. ‘தாலோஸ்ஸா’ என்றால் வீட்டில். உருபு பின்னால் ஒட்டுகிறது. ‘செய்யேன், செய்யான்’ என்று நம் எதிர்மறை வினை இடத்துக்கேற்ப மாறுவதுபோல், அங்கேயும் ‘இல்லை’ என்பது வினையாகி ஆளுக்கு ஆள் திரிகிறது. ஆனால் ‘பெரிய வீட்டில்’ என்பதை அவர்கள் ‘இஸோஸ்ஸா தாலோஸ்ஸா’ என்பார்கள். அடைமொழியும் உருபு ஏற்கும். தமிழில் அப்படி இல்லை. ஒட்டுநிலை துருக்கியிலும் ஜப்பானியத்திலும் உண்டு. அமைப்பு ஒத்துப்போவதை மட்டும் வைத்து இரத்த உறவு சொல்ல முடியாது; அடிப்படைச் சொற்களில் ஒலிகள் ஒழுங்காக ஒத்து மாற வேண்டும்.

இரு மொழிக்குடும்பங்களுக்கும் இடையே கால்டுவெல்லுக்குக் கிடைத்த பாலம், ஈரானின் பெஹிஸ்தூன் பாறைக் கல்வெட்டின் இரண்டாம் மொழி. அதன் முன்னிலைச் சொல் நம் ‘நீ’ போலவே இருந்ததை அவர் பெரிதாக எடுத்தார். அதைச் சித்தியம் என்றே அன்று நம்பினார்கள். பின்னர் அது எலாமியம் என்று தெளிந்தது. ஃபின்னியத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1940-களில் மொழியியலாளர் பர்ரோ உடலுறுப்புப் பெயர்களை வைத்துத் திராவிட-ஃபின்னிய உறவை மீட்கப் பார்த்தார். பெரும்பாலோர் ஏற்கவில்லை.

ஃபின்னியத்தின் பழங்கதை வேறு திசையில் விரிந்தது. உரால் மலைப் பக்கத்திலிருந்து பால்டிக் கரை வரை வந்த அம்மொழி, வழியெல்லாம் கடன் வாங்கியது. நூறைக் குறிக்கும் ‘சதா’ இந்தோ-ஈரானியரிடமிருந்து, அரசனைக் குறிக்கும் ‘குனிங்காஸ்’ ஜெர்மானியரிடமிருந்து. பிறப்பால் வந்த ஒற்றுமையையும் பழக்கத்தால் வந்ததையும் பிரித்தறிய, ஃபின்னியர் தம் சிறு உறவுமொழிகளின் ஊர்ப்பேச்சைத் திரட்டினார்கள்.

அப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குக் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியும் தோதான களம். தமிழும் தெலுங்கும் ஒரே தாய்வழிப் பிறந்து, பிரிந்து, பல தலைமுறையாக இங்கே மறுபடியும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஒரு சொல் பிறப்பால் பொதுவா, அக்கம்பக்கத்தில் ஒட்டியதா என்று இங்கே சோதிக்கலாம். இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியைக் கொண்டுவந்தார். கடம்பூர், கயத்தாறு பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் பேசும் தெலுங்கையும் அதேபோல் ஊர் ஊராகப் பதிவுசெய்யும் வேலையை ஆய்வு மாணவர்கள் கையில் எடுக்க வேண்டும்.