வைரஸ் முதலில் புகுந்தது யார் வீட்டில்?

“விண்டோஸில்தான் வைரஸ் வரும், மேக்கில் வராது” என்று அடித்துச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

1982-ல் விண்டோஸ் விற்பனைக்கே வரவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயதுப் பள்ளி மாணவன் ‘எல்க் குளோனர்’ என்று ஒரு சின்ன நிரலை எழுதினான். வெளியுலகில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்று அது. பரவியது எதில் தெரியுமா? ஆப்பிள் 2 கணினியில்! அப்போதெல்லாம் பிளாப்பியைச் செருகித்தான் கணினியைத் துவக்குவார்கள். வைரஸ் உள்ள பிளாப்பியில் துவக்கினால் அது நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்துச் செருகும் நல்ல பிளாப்பியிலும் தன்னை நகலெடுத்துவிடும். 50-வது முறை துவக்கும்போது திரையில் ஒரு குறும்புப் பாட்டு வரும். அவ்வளவுதான், வேறு பெரிய சேதம் இல்லை. நண்பர்கள் விளையாட்டுகளைப் பிளாப்பியில் கைமாற்றிக்கொண்டதே அது ஊர் சுற்றப் போதுமானதாக இருந்தது.

யுனிக்ஸும் தப்பவில்லை. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஏவிவிட்ட புழு சுமார் 6,000 கணினிகளைப் பாதித்ததாக மதிப்பிட்டார்கள். அன்றைய இணையத்தில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

பிறகு விண்டோஸுக்கு மட்டும் ஏன் இந்தக் கெட்ட பெயர்? திருவிழாக் கூட்டத்தில்தானே பிக்பாக்கெட்காரனுக்கு வேலை! ஆனால் கூட்டம் மட்டுமே காரணம் இல்லை. விண்டோஸ் 98-ல் கணினி முன் உட்கார்ந்த எவரும் எந்தக் கோப்பையும் மாற்றலாம். யுனிக்ஸில் கணினியின் முக்கியக் கோப்புகளைத் தொட நிர்வாகிக்குத்தான் உரிமை. 2000 மே மாதம் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், விண்டோஸில் இருந்த படக் கோப்புகளை அழித்துவிட்டு, அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது.

2001-ல் வந்த மேக் ஓஎஸ் டென், யுனிக்ஸ் வழியில் எழுந்தது. அந்தக் கட்டுக்காவல் பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. 2012-ல் ‘பிளாஷ்பேக்’ பெரிதாகப் பரவியது. ஜாவாவில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 6 லட்சம் மேக் கணினிகளில் புகுந்தது. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுக்காவிட்டாலும் பயனரின் கணக்குக்குள்ளேயே குடியேறிவிட்டது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை ஆரக்கிள் நிறுவனம் பிப்ரவரியிலேயே அடைத்திருந்தது. மேக்குக்கான ஜாவாவை ஆப்பிளே வழங்கி வந்ததால், அதற்கான திருத்தம் ஏப்ரலில்தான் வந்தது. இடையில் கழிந்த வாரங்களில்தான் இத்தனையும் நடந்தது.

பிசி வைரஸ்கள் மேக்குக்கு வராது என்று ஆப்பிள் தன் இணையதளத்தில் போட்டிருந்த வாசகம், அதே ஆண்டு ஜூனில் சத்தமில்லாமல் மாறியிருந்தது.